மண்டபம் இல்லை என்றார்கள்: வொஷிங்டன், 1939

(நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

ஒரு விழாவுக்கு மண்டபம் கேட்டு அலைந்த அனுபவம் நம் ஊரில் அநேகமானோருக்கு உண்டு. பரிசளிப்பு விழாவோ, மீலாத் விழாவோ, பழைய மாணவர் ஒன்றுகூடலோ, எதுவானாலும் முதல் தலையிடி மண்டபம்தான். கடிதம் கொண்டுபோனால் "செயலாளர் இல்லை" என்பார்கள். செயலாளர் வந்தால் "கமிட்டி கூட வேண்டும்" என்பார்கள். கமிட்டி கூடி முடிந்தால் "அந்தத் திகதி போய்விட்டதே" என்பார்கள். வேறு திகதி கேட்டால் அதுவும் இல்லை. எல்லாம் சரிவந்தாலும், திறப்பு வைத்திருப்பவர் அன்று ஊரில் இருக்க மாட்டார். ஒரு முறை போட்டி தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்வரை பிள்ளைகளோடு பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறோம்.

கவனித்துப் பாருங்கள். ஒருவரும் வாயைத் திறந்து "உங்களுக்குத் தரமாட்டோம்" என்று சொல்வதில்லை. ஆனால் மண்டபமும் கிடைப்பதில்லை.

இந்த மாதிரியான "இல்லை" ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றையே அசைத்த கதையைத்தான் இன்று எழுத நினைத்தேன். உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கும், விழா நடத்துபவர்களுக்கும், முக்கியமாக மண்டபங்களின் திறப்பு வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

*பாடகி*

மேரியன் அன்டர்சன் 1897இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகளின் குரலைக் கேட்ட அவர்களது தேவாலயத்து மக்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்து, பாட்டுப் படிக்கக் காசு கொடுத்தார்கள். ஊரில் இருந்த இசைப் பள்ளியொன்று நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்கவில்லை. அதனால் தனியாகப் படித்தார். 1930களில் ஐரோப்பா முழுவதும் பாடிப் பெரும் பெயர் எடுத்தார். 1936இல் வெள்ளை மாளிகையிலேயே பாடினார்.

அதாவது 1939இல் அவர் ஊர் பேர் தெரியாத ஆள் அல்ல. உலகம் அறிந்த பாடகி. ஆனாலும் தலைநகரில் அவர் பாடுவதற்கு ஒரு மண்டபம் கிடைக்கவில்லை.

*முதலாவது மண்டபம்*

வொஷிங்டனில் ஹவார்ட் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களின் முக்கியமான உயர்கல்வி நிலையம். மேரியனின் கச்சேரியை அங்கே ஏற்பாடு செய்பவர்கள் அவர்கள்தான். வருடா வருடம் கூட்டம் கூடிக்கொண்டே போனதால் பழைய இடங்கள் போதவில்லை. 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டு, நகரிலேயே பெரிய மண்டபமான கொன்ஸ்டிடியூஷன் மண்டபத்தை ஜனவரியில் கேட்டார்கள். கிட்டத்தட்ட 4,000 பேர் அமரக்கூடிய இடம் அது.

மண்டபம் "அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்" என்ற பெண்கள் சங்கத்துக்குச் சொந்தமானது. நாட்டின் சுதந்திரப் போரில் பங்கெடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று பெருமை பேசும் சங்கம்.

முதல் பதில் நமக்குப் பழக்கமான பதில்தான்: அந்தத் திகதி வேறு ஒரு இசைக்குழுவுக்குக் கொடுத்தாயிற்று. இது பொய்யல்ல. உண்மையிலேயே கொடுத்திருந்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. 1932 முதல் அந்த மண்டபத்தின் வாடகை ஒப்பந்தங்களில் ஒரு விதி இருந்தது: வெள்ளையினக் கலைஞர்களுக்கு மட்டும். கச்சேரி முகாமையாளர் சோல் ஹ்யூரோக் வேறு திகதிகள் கேட்டார். அவையும் கிடைக்கவில்லை. சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. விதியை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்கள் தங்களைக் கெட்டவர்களாக நினைக்கவில்லை. "நாங்கள் என்ன செய்வது, விதி அப்படி" என்பதுதான் அவர்களது நிலைப்பாடு. ஆனால் விதி வானத்திலிருந்து விழவில்லை. ஏழு வருடங்களுக்கு முன் அவர்களே எழுதியது. தாங்கள் எழுதிய தாளுக்குப் பின்னால் தாங்களே ஒளிந்துகொண்டார்கள்.

*இரண்டாவது மண்டபம்: ஒரு பாடசாலை*

ஆசிரியர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அடுத்து ஏற்பாட்டாளர்கள் சென்ட்ரல் உயர்தரப் பாடசாலையின் மண்டபத்தைக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் வொஷிங்டனில் வெள்ளையினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை. சென்ட்ரல், வெள்ளையினப் பிள்ளைகளின் பாடசாலை. கல்விப் பொறுப்பதிகாரி மறுத்தார். பாடசாலைகள் இரண்டாகப் பிரிந்திருக்கும்போது இதை அனுமதிக்க முடியாது என்பது அவரது காரணம். பொதுமக்களின் வரிப்பணத்தில் கட்டிய மண்டபம் அது. கறுப்பின மக்களும் வரி கட்டியவர்கள்தான்.

நகரத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. மேரியன் அன்டர்சன் பிரஜைகள் குழு என்று ஒன்று அமைந்தது. சட்டத்தரணி சார்ள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன் அதற்குத் தலைமை தாங்கினார். அமைப்புகள் பல ஒன்று சேர்ந்தன, கூட்டங்கள் கூடின, மனுக்கள் போயின. கடைசியில் கல்விச் சபை இறங்கி வந்தது: மண்டபம் தருகிறோம், ஆனால் இந்த ஒரு முறை மட்டும், இதை முன்னுதாரணமாக வைத்துப் பிறகு யாரும் கேட்கக் கூடாது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "சரி, இப்போதைக்குக் கிடைத்ததே போதும், கச்சேரி நடக்கட்டும்" என்று தலையாட்டியிருப்போம். அவர்கள் தலையாட்டவில்லை. நிபந்தனையை ஏற்க மறுத்தார்கள். ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது ஒரு மாலைப்பொழுதுக்கான மண்டபம் மட்டுமல்ல. அடுத்த வருடம் வேறு ஒருவர் கேட்கும்போதும் கதவு திறக்க வேண்டும். அனுமதி கைமாறாமலே போயிற்று. ஏப்ரல் 9 நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் பாடகி இருக்கிறார், திகதி இருக்கிறது, இடம் இல்லை.

*ஒரு இராஜினாமாக் கடிதம்*

இதற்கிடையில் பெப்ரவரி 26ஆம் திகதி ஒரு காரியம் நடந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்தப் பெண்கள் சங்கத்தின் அங்கத்தவர். சங்கத்திலிருந்து விலகுவதாக அவர் கடிதம் எழுதினார். மறுநாள் பத்திரிகையில் தான் வழமையாக எழுதும் பத்தியில், சங்கத்தின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல், விலகிய காரணத்தைச் சொன்னார். உள்ளூர் மண்டபப் பிரச்சினை ஒரே நாளில் நாடு முழுவதும் பேசப்படும் பிரச்சினையாயிற்று.

அவர் கச்சேரியை ஏற்பாடு செய்யவில்லை. அன்று கச்சேரிக்கு வரவுமில்லை. உள்ளே இருந்த ஒருவர் "இதில் எனக்குச் சம்மதமில்லை" என்று எழுத்தில் கொடுத்தார், அவ்வளவுதான். வெளியே நின்று நூறு பேர் கேட்பதும், உள்ளே இருக்கும் ஒருவர் எழுந்து போவதும் ஒன்றல்ல.

*மூன்றாவது இடம்: கூரையில்லாத மண்டபம்*

லிங்கன் நினைவகத்தின் முன்னால் திறந்தவெளியில் நடத்தலாம் என்ற யோசனை வந்தது. அது சமஷ்டி அரசாங்கத்தின் இடம், உள்விவகாரத் திணைக்களத்தின் பொறுப்பு. செயலாளர் ஹெரோல்ட் இக்ஸ் ஜனாதிபதியின் சம்மதத்தோடு அனுமதி கொடுத்தார். மார்ச் மாத இறுதியில்தான் அறிவிப்பு வெளியானது. கையில் இருந்தது ஏறத்தாழ பத்தே நாட்கள்.

விழா நடத்தியவர்களுக்குத் தெரியும், பத்து நாட்கள் என்றால் என்னவென்று. மேடை அமைக்க வேண்டும், பியானோவைப் படிக்கட்டில் ஏற்ற வேண்டும், ஒலிபெருக்கி பூட்ட வேண்டும், வானொலியில் நாடு முழுவதும் நேரடியாக ஒலிபரப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். மழை பெய்தால் ஒதுங்க இடமில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம்.

தலைநகருக்கு வந்த மேரியனுக்குத் தங்க ஹோட்டல் கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ஒருவரின் வீட்டில்தான் தங்க வைத்தார்கள். முதல் நாள் இரவு அவர் முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்து, இதைக் கட்டாயம் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டாராம். அவர் அரசியல்வாதி அல்ல, சண்டைக்குப் போகிறவரும் அல்ல. பாட வந்தவர். அந்தப் பயம் நியாயமானதுதான்.

மறுநாள் மாலை ஐந்து மணி. குளிர். மேரியன் உரோம மேலங்கியோடு வந்து நின்றார். அவருக்கு முன்னால் ஏறத்தாழ 75,000 பேர், கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்து நின்றார்கள். இக்ஸ் அவரை அறிமுகம் செய்து பேசும்போது, வானமே கூரையான இந்தப் பெரிய மண்டபத்தில் நாம் எல்லோரும் சுதந்திரமானவர்கள் என்ற கருத்தைச் சொன்னார்.

மேரியன் கண்களை மூடிக்கொண்டு நாட்டுப் பற்றுப் பாடலோடு தொடங்கினார். அதில் "நான்" என்று வரும் இடத்தை "நாங்கள்" என்று மாற்றிப் பாடினார். பிறகு ஒரு இத்தாலிய இசைநாடகப் பாடல், ஷூபர்ட்டின் பாடலொன்று, கடைசியாகத் தன் மக்கள் அடிமைக் காலத்திலிருந்து பாடிவந்த ஆன்மீகப் பாடல்கள். பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. 4,000 பேரின் மண்டபத்தை மறுத்ததால், 75,000 பேர் நேரிலும் இலட்சக்கணக்கானோர் வானொலியிலும் கேட்டார்கள்.

*அந்த இடத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு*

அடிமைத்தனத்தை ஒழித்த ஜனாதிபதியின் அந்த நினைவகம் 1922இல் திறக்கப்பட்டபோது, பார்க்க வந்த கறுப்பின மக்களைத் தனியாகப் பிரித்து அமர வைத்திருந்தார்கள். 17 வருடங்களின் பின் அதே இடத்தில் ஒரு கறுப்பினப் பெண் நடுவில் நின்று பாடினார், மக்கள் கலந்து நின்று கேட்டார்கள். இடம் மாறவில்லை. அதைத் திறந்துவிடும் கை மாறியிருந்தது.

*பிறகு நடந்தவை*

1943 ஜனவரியில் அதே பெண்கள் சங்கம், போர்க்கால நிவாரண நிதிக்காகப் பாடும்படி மேரியனை அதே கொன்ஸ்டிடியூஷன் மண்டபத்துக்கு அழைத்தது. அவர் போய்ப் பாடினார். ஆனால் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து அமர வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1964இல் தனது பிரியாவிடைச் சுற்றுப்பயணத்தையும் அங்கிருந்தே ஆரம்பித்தார்.

மண்டபம் தராத பாடசாலைக்கு என்ன நடந்தது? 1950இல் சென்ட்ரல் பாடசாலையின் கட்டடம் கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலையான கார்டோசோவுக்கு வழங்கப்பட்டது. 1954இல் பாடசாலைகளை இனத்தால் பிரிப்பது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பிரஜைகள் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே ஹூஸ்டன். தீர்ப்பைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

இன்னொன்று. 1944இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு பேச்சுப் போட்டி. 15 வயது மாணவன் ஒருவன் தனது பேச்சில் மேரியன் அன்டர்சனின் இந்தக் கச்சேரியை எடுத்துச் சொன்னான். போட்டி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, வெள்ளையர்களுக்கு இடம் கொடுக்கும்படி அவனையும் அவனைக் கூட்டிச் சென்ற ஆசிரியையையும் எழுப்பிவிட்டார்கள். இருவரும் நின்றுகொண்டே பயணம் செய்தார்கள். அந்த மாணவனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங். 1963இல் அவர் உலகப் புகழ்பெற்ற உரையை ஆற்றியது அதே லிங்கன் நினைவகத்தின் படிகளில். அன்று மேரியனும் அங்கே வந்து பாடினார்.

*நமக்கு என்ன?*

மண்டபம் கேட்பவர்களுக்கு மூன்று விடயங்கள்.

ஒன்று, எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஹவார்ட் பல்கலைக்கழகத்தார் கடிதத்தில் கேட்டதால்தான் விதி வெளியே வந்தது. வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் அது "திகதி இல்லை" என்ற கதையாகவே முடிந்திருக்கும்.

இரண்டு, திகதியை விடாதீர்கள். இடம் இரண்டு முறை மாறியது, ஏப்ரல் 9 மாறவில்லை.

மூன்று, "இந்த ஒரு முறை மட்டும்" என்று தருவதை வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் பலர் கேட்க வர இருக்கிறார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது மறுபக்கம்தான். நம்மிடமும் மண்டபங்கள் இருக்கின்றன. பாடசாலை மண்டபம், ஜமாஅத் மண்டபம், நலன்புரிச் சங்க மண்டபம், விளையாட்டுக் கழகத்தின் மைதானம். கலியாணத்துக்கு இடம் கேட்கும் ஒரு விதவைத் தாய்க்கும், கூட்டம் நடத்தக் கேட்கும் பெண்கள் குழுவுக்கும், போட்டிக்கு இடம் கேட்கும் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலைக்கும், அடுத்த தெருப் பொடியன்களுக்கும் நாம் சொல்லும் "திகதி இல்லை" எத்தனை வீதம் உண்மை? நாமே எழுதிய விதிக்குப் பின்னால் நாம் எத்தனை முறை நின்றிருக்கிறோம்?

அந்தப் பெண்கள் சங்கம் எத்தனையோ நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. பிற்காலத்தில் நடந்ததற்கு வருத்தமும் தெரிவித்தது. ஆனால் உலகத்தில் பெரும்பாலானோர் அதை அறிந்து வைத்திருப்பது கொடுக்காத ஒரு மண்டபத்தால்தான்.

நிர்வாகக் குழுக்களில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உங்கள் மண்டபத்தின் விதிகளை எடுத்து ஒரு முறை உரத்து வாசியுங்கள். யாருக்குக் கொடுப்பீர்கள், என்ன வாடகை, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு வெட்கப்படும் விதி ஏதாவது இருந்தால், அதை அன்றே நீக்கிவிடுங்கள்.

உங்கள் ஊரில் மண்டபம் கிடைத்த கதையும் கிடைக்காத கதையும் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், விடயம் போதும்.