கொட்டியாரக் குடா: பாய்க்கப்பல் துறையின் வரலாறு

கொட்டியாரக் குடா இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை உள்துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்துள்ளது. மூதூரும் சம்பூரும் இதன் கரையூர்கள். மகாவலி கங்கையின் ஒரு கிளை இங்கே கடலில் சேர்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் புயல் எழுந்தால் அங்குள்ள திறந்த துறைகளில் பாய்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமிராது. திருகோணமலைப் பக்கத்தில் மறைவும் நன்னீரும் மரமும் கிடைத்தன. ஐரோப்பியர் இத்துறைக்குப் போட்டியிட்டதற்கு இதுவே முதற்காரணம்.

மிக விரிவான பதிவு ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலைப் பற்றியது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிய அக்கப்பல் பெரிய பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்டும்வரை துணி வணிகம் செய்யுமாறு சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் அதை இங்கே அனுப்பினர். 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், கப்பல் தலைவர் ராபர்ட் நாக்ஸ் உட்பட 16 பேரைச் சிறைப்பிடித்தனர். அதே பெயர் கொண்ட மகனைக் கப்பலுக்குத் தூது அனுப்பினர். மாலுமிகளை எச்சரித்துவிட்டு, தந்தைக்குக் கொடுத்த வாக்குப்படி அவர் சிறைக்கே திரும்பினார். கப்பலிலேயே தங்கியிருந்தால் தப்பியிருப்பார். தந்தை மறு ஆண்டில் காய்ச்சலால் இறந்தார். தொப்பி பின்னி விற்றும் பிழைத்த மகன், 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்; 1681இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டார். டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ அந்நூலின் தாக்கம் பெற்றது என்பர் சிலர், உறுதியான சான்றில்லை.

தலைவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில், மூதூர் அருகே, 1893இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. இடையே 233 ஆண்டுகள் கழிந்தமையால் அதே மரம் என்று துணிய முடியாது.

1672இல் தெ லா ஏயின் பிரெஞ்சுப் படை குடாவில் நிலைகொண்டது, ஒல்லாந்தர் விரட்டினர். 1782 செப்டம்பர் 3 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் திருகோணமலைக்கு அப்பால் கடற்போர் புரிந்தனர். 1795இல் துறை ஆங்கிலேயர் வசமாயிற்று. திருகோணமலையின் பெயரில் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் மிதக்கவிட்ட போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. 1957இல் ஆங்கிலேயரின் திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

2006இல் உள்நாட்டுப் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015 முதல் மீள்குடியேறினர். இன்று கரையோர மீனவர் பலர் கண்ணாடியிழைப் படகுகளில் இயந்திரம் பூட்டிக் கடலுக்குப் போகின்றனர்.