உதைபந்தாட்டமும் இளைஞர் பயிற்சிப் பள்ளிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

இசையாயினும் நடனமாயினும் சிற்பமாயினும், ஒரு கலையிலே தேர்ச்சிபெற விரும்புவோன் இளம்பருவத்திலேயே ஆசானை அடைந்து, அவனருகிருந்து பல்லாண்டு பயிலுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. குருகுலம் என்னும் அமைப்பு இக்கொள்கையின் பயனாகவே நிலைபெற்றது. ஐரோப்பாவிலே உதைபந்தாட்டம் நெடுங்காலம் இதற்கு விலக்காக இருந்தது. திறமை வாய்ந்த சிறுவன் தெருவிலும் பள்ளி மைதானத்திலும் தானே ஆடித் தேறினான். தேறியபின் கழகம் அவனை விலைகொடுத்து வாங்கியது. இவ்வழக்கம் மெல்ல மெல்ல மாறி, சிறுவரைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே சேர்த்துத் தொழில்முறை ஆட்டக்காரராக உருவாக்கும் பயிற்சிப் பள்ளிகள் எழுந்தன. இப்பள்ளிகளால் விளைந்த நன்மை யாது? அந்நன்மை கழகத்துக்கு உரியதா, நாட்டுக்கு உரியதா, அன்றிப் பயிலும் சிறுவனுக்கு உரியதா? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் முதல் அத்தியாயங்களுள் ஒன்று வறுமையிலே பிறந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைற்றெட் கழகம் 1931ஆம் ஆண்டிலே கடன் சுமையால் அழியும் நிலையை அடைந்தது. யேம்ஸ் கிப்சன் என்னும் வணிகர் அதனை மீட்டார். 1934ஆம் ஆண்டிலே, மூன்றாம் பிரிவுக்கு இறக்கப்படும் இழிவினின்றும் பருவத்தின் இறுதிப் போட்டியிலேதான் அக்கழகம் தப்பியது. பெயர்பெற்ற ஆட்டக்காரரை வாங்கப் பொருளற்ற கழகம், தனக்கு வேண்டிய ஆட்டக்காரரைத் தானே வளர்ப்பதெனத் துணிந்தது. கிப்சனும் கழகச் செயலாளர் வால்ற்றர் கிரிக்மரும் பள்ளியை விட்டு நீங்கிய இளைஞருக்கென ஒரு கிளைக் கழகத்தை நிறுவினர். 1945ஆம் ஆண்டிலே மற் பஸ்பி முகாமையாளராகப் பொறுப்பேற்றபோது, கழகத்தின் மைதானம் 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சினால் சிதைந்து கிடந்தது. ஆயினும், ஊன்றப்பட்ட வித்து அழியவில்லை.

பஸ்பியும் அவர்தம் துணைவர் ஜிம்மி மேர்பியும் அவ்வித்தை மரமாக்கினர். 1952-53ஆம் ஆண்டுப் பருவத்திலே தொடங்கப்பட்ட இங்கிலாந்து இளைஞர் கிண்ணத்தை முதல் ஐந்து ஆண்டுகளும் இவர்தம் மாணவரே தொடர்ந்து வென்றனர். அவ்விளைஞர் பலர் இடம்பெற்ற முதன்மை அணி 1956இலும் 1957இலும் நாட்டின் முதற் பிரிவிலே முதலிடம் பெற்றது. அவர்களுள் தலையாயவர் டங்கன் எட்வேட்ஸ். பதினாறு வயதிலே முதன்மை அணியிலும் பதினெட்டு வயதிலே இங்கிலாந்து அணியிலும் அவர் இடம்பெற்றார்.

1958ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள், பெல்கிறேட் நகரிலே ஆடித் திரும்பிய இவ்வணியை ஏற்றிய விமானம் மியூனிச் நகரிலே விபத்துக்குள்ளாயிற்று. இருபத்து மூவர் உயிரிழந்தனர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். எட்வேட்ஸ் பதினைந்து நாள் உயிருக்குப் போராடி, இருபத்தொரு வயதிலே மாண்டார். விபத்து நிகழ்ந்து பதின்மூன்றாம் நாள் கழகம் மீண்டும் களத்தில் இறங்க நேர்ந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரலிலே ஆட்டக்காரர் பெயர் அச்சிடப்பட வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. இருவர் அவசரமாக விலைக்கு வாங்கப்பட்டனர். ஏனைய இடங்களுட் பலவற்றை இளைஞர் அணியிலிருந்து வந்தோர் நிரப்பினர். மூன்றுக்குச் சூன்யம் என்று முடிந்த அப்போட்டியிலே இரு கோல்களைப் போட்டவர், அன்றே முதன்முதலாக முதன்மை அணியிலே ஆடிய சே பிரெனன் என்னும் இளைஞர். பத்தாண்டுகளின் பின், 1968இலே, அக்கழகம் பென்பிக்கா அணியை நான்குக்கு ஒன்று என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. அன்று கோல் போட்ட பொபி சார்ள்ற்றன், ஜோர்ஜ் பெஸ்ற், பிறையன் கிட் மூவரும் அப்பயிற்சிப் பள்ளியின் மாணவரே. வாங்கிச் சேர்த்த செல்வம் ஒருநாளில் அழியலாம். வளர்க்கும் வழக்கம் அவ்வாறு அழிவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒல்லாந்து நாட்டின் அயாக்ஸ் கழகம் இத்துறையிலே இன்னுமொரு படி மேற்சென்றது. மான்செஸ்டர் ஆட்டக்காரரை வளர்த்தது. அம்ஸ்ரர்டாம் நகரமோ ஓர் ஆட்ட முறையையே வளர்த்தது. 1957ஆம் ஆண்டிலே பத்து வயதுச் சிறுவனாக அங்கே சேர்ந்த யொகான் குருயிப், 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியின் உயிர்நாடியாக விளங்கினார். பிற்காலத்திலே அப்பள்ளி, சிறுவரைத் தெரிவதற்கு நுட்பம், நுண்ணறிவு, ஆளுமை, வேகம் என்னும் நான்கினை அளவுகோலாகக் கொண்டது. இந்நான்கனுள் உடல் வலிமை இடம்பெறாமை நோக்கற்பாலது. ஆட்டக்காரர் தம்முள் இடம் மாறி ஆடும் முறைக்கு ஒத்த கருத்தும் பழக்கமும் இன்றியமையாதன. அவை பல்லாண்டு ஒருங்கே பயின்றாரிடத்திலேயே எளிதிற் கைகூடும். ஆதலால் எல்லா வயது அணிகளும் ஒரே முறையிலே ஆடப் பழக்கப்பட்டன.

இம்முயற்சியின் கனியாக 1995ஆம் ஆண்டிலே அயாக்ஸ் அணி மீண்டும் ஐரோப்பாவின் முதலிடத்தை எய்தியது. இறுதிப் போட்டியிலே மிலான் அணிக்கெதிராக ஒரே கோலைப் போட்ட பற்றிக் குளுவேற் பதினெட்டு வயதினர், அப்பள்ளியிலே வளர்ந்தவர். அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜிய நாட்டு ஆட்டக்காரர் பொஸ்மன் தொடுத்த வழக்கிலே தீர்ப்பு வழங்கியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பிறிதொரு நாட்டுக் கழகத்துக்குச் செல்கையிலே பழைய கழகம் பணம் கோரலாகாது என்பதும், ஒன்றியத்து நாட்டவரை அணியிற் சேர்ப்பதற்கு எண்ணிக்கை வரம்பு விதித்தல் ஆகாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். தொழிலாளியின் உரிமையை நோக்க அது நீதியானதே. எனினும், அடுத்த ஈராண்டுகளுள் எட்கர் டேவிட்ஸ், ரைசிகர், குளுவேற் ஆகியோர் ஒப்பந்தம் முடிந்து மிலான் கழகத்துக்குச் சென்றனர். அவரை வளர்த்த பள்ளிக்குக் கைம்மாறு கிட்டவில்லை. பத்தாண்டு நீர் பாய்ச்சியவன் ஒருவன், கனி கொய்பவன் மற்றொருவன் என்னும் நிலை உருவாயிற்று.

இக்குறையை நீக்கும் பொருட்டு 2001ஆம் ஆண்டிலே உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் புதிய விதிகளை வகுத்தது. இளம் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறுகையில், அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் பயிற்சி இழப்பீடு வழங்கப்படல் வேண்டும்; ஒப்பந்தக் காலத்தினுள் மாறினால், மாற்றுத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம், அவரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்து மூன்று வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிரப்படல் வேண்டும். சிற்றூர்க் கழகமும் தன் உழைப்பின் ஊதியத்தைப் பெற இவ்விதி வழிசெய்தது. பயிற்சி என்பது பொருள்மதிப்பு உடையது என்னும் உண்மை இவ்வாறு சட்டத்தாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

கழகங்கள் தத்தம் நலங் கருதிச் செய்ததை அரசும் தேசியச் சங்கமும் பொதுநலங் கருதிச் செய்தமைக்குப் பிரான்சு நாடு எடுத்துக்காட்டு. 1972ஆம் ஆண்டிலே விச்சி நகரிலே தேசியப் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே தொழில்முறைக் கழகங்கள் பயிற்சி நிலையங்களை அமைத்தல் கடமையாக்கப்பட்டது. தேசிய நிலையம் 1988இலே கிளேர்பொன்ரேன் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. அங்குப் பயின்ற தியெரி ஹென்றி 1998ஆம் ஆண்டும், கிலியன் எம்பாப்பே 2018ஆம் ஆண்டும் உலகக் கிண்ணத்தை வென்ற அணிகளில் இடம்பெற்றனர்.

தோல்வியும் ஒரு நல்லாசான் என்பதை ஜெர்மனி உணர்த்துகின்றது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியச் சுற்றுப்போட்டியிலே அந்நாடு ஒரு போட்டியிலேனும் வெற்றியீட்டாது, ஒரே புள்ளியுடன் தன் பிரிவிலே கடைநிலை எய்தியது. பெருமை மிக்க அந்நாட்டுக்கு அது பேரிழிவாயிற்று. பயிற்றுவிப்பாளரை மாற்றுவதோடு அமையாது, சங்கம் நோயின் வேரை நாடிற்று. 2001ஆம் ஆண்டிலே முதற் பிரிவுக் கழகங்கள் அனைத்தும், அடுத்த ஆண்டிலே இரண்டாம் பிரிவுக் கழகங்களும், இளைஞர் பயிற்சி நிலையம் அமைத்தாலன்றி உரிமம் பெறல் இயலாது என விதிக்கப்பட்டது. கழகங்களின் கண்ணுக்கு எட்டாத ஊர்களிலும் திறமை மறைந்து போகாவண்ணம், நாடெங்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிலே சங்கமே பயிற்சித் தளங்களை நிறுவியது. 2009ஆம் ஆண்டிலே இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியினருள் நோயர், ஹும்மெல்ஸ், பொவாத்தெங், ஹோவெடெஸ், கெதிரா, ஓசில் என்னும் அறுவர், 2014ஆம் ஆண்டிலே பிறேசில் நாட்டை ஏழுக்கு ஒன்று என வென்று, பின்னர் உலகக் கிண்ணத்தையும் கைக்கொண்ட அணியிலே இருந்தனர். ஆயினும் அதே நாடு 2018இலும் 2022இலும் உலகக் கிண்ணத்தின் முதற் சுற்றைத் தாண்டவில்லை. பயிற்சிப் பள்ளி ஒருமுறை நட்டதும் என்றும் காய்க்கும் மரமன்று. ஆண்டுதோறும் உழுது விதைக்க வேண்டிய வயல் என்பதே இதனாற் பெறப்படும்.

செல்வ நாடுகளுக்கே இஃது இயலும் என்பாருக்கு மேற்கு ஆபிரிக்கா விடையிறுக்கின்றது. ஐவரி கோஸ்ற் நாட்டின் அபிஜான் நகரிலே, அசெக் கழகத்தின் ஆதரவிலே, முன்னாட் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஜோன் மார்க் கீயூ 1990ஆம் ஆண்டுகளிலே ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். சிறுவர் அங்கே தங்கிப் பாடமும் பயின்றனர். தொடக்க காலத்திலே வெறுங்காலுடன் ஆடிப் பந்தின் இயல்பை உணர்ந்தனர். 1998ஆம் ஆண்டு ஆபிரிக்கச் சம்பியன் பட்டத்தைப் பெற்ற அசெக் கழகத்தின் மூத்த ஆட்டக்காரர் பலர் விலகிவிட, 1999ஆம் ஆண்டு ஆபிரிக்க உயர் கிண்ணப் போட்டியிலே அப்பள்ளி இளைஞர் களமிறங்கித் தூனிசு நாட்டின் எஸ்பெரான்ஸ் அணியை மூன்றுக்கு ஒன்று என வென்றனர். அப்பள்ளியில் உருவான கோலோ தூரே, யாயா தூரே சகோதரர், 2015ஆம் ஆண்டிலே தம் நாடு ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றபோது அதன் அணியிலே விளங்கினர்.

இதுகாறும் நன்மைகளைக் கண்டோம். மறுபக்கத்தை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாக் கழகம், 1702இலே கட்டப்பட்ட பழைய பண்ணை வீடொன்றை 1979ஆம் ஆண்டிலே இளம் ஆட்டக்காரரின் உறைவிடமாக்கியது. 'லா மாசியா' எனப் பெயர்பெற்ற அப்பள்ளியின் மாணவரான மெசி, இனியெஸ்தா, சாவி மூவருமே 2010ஆம் ஆண்டுக்குரிய உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதின் இறுதிப் பட்டியலிலே நின்றனர். அத்தகைய சிறப்பு வாய்ந்த கழகமே, பதினெட்டு வயது நிரம்பாத பிறநாட்டுச் சிறுவரைச் சேர்ப்பது பற்றிய விதிகளை மீறியதாக 2014ஆம் ஆண்டிலே உலகச் சம்மேளனத்தால் தண்டிக்கப்பட்டது. திறமையைத் தேடும் ஆர்வம் எல்லை கடந்தால், சிறுவன் மாணவன் என்னும் நிலையினின்று வழுவிப் பண்டமாகிவிடுவான் என்னும் அச்சமே அவ்விதிகளுக்கு அடிப்படை.

இதனினும் பெரியது மற்றொரு துயரம். எந்நாட்டுப் பள்ளியாயினும், சேர்வோர் பலர். தொழில்முறை ஆட்டக்காரராக உயர்வோர் மிகச் சிலர். பத்து வயது முதல் ஒரே கனவிலே வளர்ந்த இளைஞன், பதினாறிலோ பதினெட்டிலோ 'நீ வேண்டாம்' என்னும் சொல்லைக் கேட்கின்றான். அன்று அவன் கையிலே கல்வியும் இல்லையாயின், அவன் நிலை யாது? வென்றோர் பெயரை வரலாறு எழுதும். நீக்கப்பட்டோர் பெயரை எழுதுவார் இலர். ஆதலாலன்றோ உறைவிடப் பள்ளிகள் பலவும் ஆட்டத்தோடு பாடத்தையும் இணைத்தன. கல்வியை இணைத்தல் ஆட்டத்துக்கு இடையூறு என்று கருதுவாரும் உளர். ஆயின், மேலே காட்டிய அயாக்ஸின் அளவுகோல் நான்கனுள் நுண்ணறிவும் ஆளுமையும் இரண்டாக அமைந்தமையை அவர் சிந்திப்பாராக.

நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்தார். அவ்வளவில் நில்லாது, நல்லாசிரியன் நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் ஒத்திருத்தல் வேண்டும் என ஆசிரியனுக்கும் இலக்கணம் வகுத்தார். மாணாக்கன் அளக்கப்படுவது போலவே ஆசிரியனும் அளக்கப்படுதல் வேண்டும் என்பது இதனாற் புலனாகும். இக்காலப் பயிற்சிப் பள்ளிகள் சிறுவரின் வேகத்தையும் நுட்பத்தையும் நாள்தோறும் அளக்கின்றன. அப்பள்ளிகளை அளக்கும் கோல் எது? பெற்ற கிண்ணங்களும் ஈட்டிய பொருளும் மட்டும் ஆகா. மான்செஸ்டர் கழகத்தின் மீட்சியும், ஜெர்மனியின் எழுச்சியும், அபிஜான் சிறுவரின் வெற்றியும் இளைஞர் பயிற்சியின் பெறுமதியை ஐயமற நிறுவியுள்ளன. எனினும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவனை எவ்வாறு உயர்த்தியது என்பதோடு, விடுக்கப்பட்ட ஒன்பதின்மரை எவ்வாறு வழியனுப்பியது என்பதையும் கேட்டே ஒரு பள்ளியை மதித்தல் வேண்டும். இவ்வளவுகோல் உதைபந்தாட்டப் பள்ளிக்கு மட்டுமன்றி, சிறுவரைத் தன்பால் ஏற்கும் எக்கல்விச்சாலைக்கும் பொருந்துவதே.