ஐந்து வயதுப் பழம்பாடல்கள்

ஒரு பாடலைப் பழம்பாடல் என்று சொல்வதற்கு அதற்கு எத்தனை வயது நிரம்பியிருத்தல் வேண்டும்? தேவாரத்தைப் பழம்பாடல் என்போம். பாட்டியின் பாட்டி பாடிய தாலாட்டையும் பழம்பாடல் என்போம். ஆனால் 1959 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு, சில ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றிய பாடல்களைத் தொகுத்து, அவற்றைப் 'பழையவை' என்று அழைத்தது. 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்பது அதன் பெயர். பழையவை, ஆயினும் நல்லவை என்பது அப்பெயரின் பொருள். மூன்று வயதும் ஐந்து வயதும் நிரம்பிய பாடல்கள் எங்ஙனம் பழம்பாடல்கள் ஆயின? அவற்றின் தொகுப்பு ஏன் இன்றுவரை மறக்கப்படாதிருக்கின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் அக்காலத்தின் இயல்பை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் அமெரிக்காவில் இசைத்தட்டின் வடிவம் மாறியது. 1948 ஆம் ஆண்டில் நெடுநேரம் ஒலிக்கும் பெரிய தட்டும், 1949 ஆம் ஆண்டில் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய தட்டும் சந்தைக்கு வந்தன. சிறிய தட்டை உருவாக்குவதற்குப் பெரும் முதல் வேண்டியதில்லை. ஆகவே நகர்தோறும் சிறு சிறு இசைத்தட்டுக் கம்பனிகள் தோன்றின. பெருங்கம்பனிகள் பொருட்படுத்தாத கறுப்பின இளைஞர்களின் பாடல்களை இவையே பதிவு செய்தன. கறுப்பின மக்களின் தாள இசையும், தேவாலயத்துக் கூட்டுப் பாடலும், நாட்டுப்புற வெள்ளையரின் இசையும் ஒன்றோடொன்று கலந்தபோது பிறந்த புத்திசையே 'றொக் அன்ட் றோல்' எனப்பட்டது.

இப்பாடல்களின் ஆயுளோ மிகக் குறுகியது. ஒரு பாட்டு சில வாரங்கள் வானொலியில் ஒலிக்கும். பின்னர் அடுத்த பாட்டு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் பழைய தட்டை அகற்றிவிடுவார். சிறு கம்பனியும் அதை மீண்டும் அச்சிடுவதில்லை. இவ்வாறு ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு பாடல் கிடைத்தற்கரியதாகிவிடும். ஐந்து வயதில் ஒரு பாட்டு முதுமையடைந்தமைக்கு இதுவே காரணமாகும்.

அத்தொகுப்பில் இடம்பெற்ற பாடல்களுள் இரண்டின் பிறப்பை மட்டும் இங்கு கூறுவேன். 'ஏர்த் ஏஞ்சல்' என்னும் பாடலை 'பென்குவின்ஸ்' என்ற கறுப்பின இளைஞர் குழு 1954 ஆம் ஆண்டில் பாடியது. அது பதிவானது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு வீட்டின் வண்டிக் கொட்டகையில். அயல் வீட்டு நாய் குரைத்தபோதெல்லாம் பதிவை நிறுத்தி மீண்டும் தொடங்கினர் என்று கூறுவர். தட்டின் மறுபக்கத்துப் பாடலாகவே அதை வெளியிட்டனர்; மக்களே அதனைத் தேடியெடுத்து முதற்பாடலாக்கினர். வெள்ளையரான 'குரூ கட்ஸ்' குழுவினர் அதே பாடலைத் தாமும் பாடி வெளியிட்டனர். 1955 ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிசையில் அவர்களது தட்டு மூன்றாம் இடத்தையும், முதலிற் பாடியவர்களின் தட்டு எட்டாம் இடத்தையும் அடைந்தன. அக்காலத்து நிறவேற்றுமையை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மற்றையது 'இன் த ஸ்டில் ஒப் த நைட்' என்னும் பாடல். பிரெட் பாரிஸ் என்ற இளைஞர் இராணுவத்திற் சேவை செய்தபோது இரவுக் காவலில் நின்றவாறு அதை இயற்றினார். 1956 ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரிலுள்ள புனித பேர்னடெற் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் 'பைவ் சாட்டின்ஸ்' குழு அதனைப் பதிவு செய்தது. அப்பாடல் வானொலியில் வெற்றிநடை போட்டபோது அதை ஆக்கியவரோ யப்பானில் இராணுவக் கடமையில் இருந்தார்.

கொட்டகையிலும் நிலக்கீழ் அறையிலும் பிறந்த இத்தகைய பாடல்கள் அழியாது காக்கப்பட்டமைக்கு ஒரு வானொலி அறிவிப்பாளர் காரணராயினார். ஆர்ட் லபோ என்பவர் 1925 ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தில் ஆர்மேனியக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1950களில் ஹொலிவூட்டிலே மோட்டார் வண்டியில் அமர்ந்தபடியே உணவு வாங்கியுண்ணும் சிற்றுண்டிச்சாலை ஒன்றிலிருந்து அவர் நேரடியாக ஒலிபரப்பு நடத்தினார். வண்டிகளில் வந்த இளைஞரும் யுவதியரும் தாம் விரும்பிய பாடலைத் தம் அன்புக்குரியோர்க்குச் சமர்ப்பிக்குமாறு வேண்டினர். அவர்கள் அன்று வெளிவந்த பாடலைக் கேட்காது, சில ஆண்டுகளுக்கு முந்திய பாடல்களையே மீண்டும் மீண்டும் கேட்பதை லபோ கவனித்தார், அவற்றைக் குறித்துவைத்தார். அந்தப் பட்டியலே பின்னர் இசைத்தட்டாயிற்று.

அவர் நடத்திய நடன நிகழ்ச்சிகளும் இங்கு குறிப்பிடத்தக்கவை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகர எல்லைக்குள் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் நடனங்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தமையால், எல்லைக்கு அப்பாலுள்ள எல் மொன்ரே என்னும் ஊரின் அரங்கில் அவற்றை நடத்தினார். கறுப்பரும், வெள்ளையரும், மெக்சிக்க வம்சத்தவரும், ஆசிய வம்சத்தவரும் ஒரே தளத்தில் ஆடினர். பாடசாலைகளில் நிறவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்தல் சட்டவிரோதம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 ஆம் ஆண்டிலேதான். தீர்ப்பு வகுப்பறைகளைச் சென்றடையப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த அரங்கிலோ இசை அப்பணியை முந்திக்கொண்டு செய்தது.

இனித் தொகுப்புக்கு வருவோம். வெவ்வேறு கம்பனிகளுக்கு உரிமையான பாடல்களை ஒரே தட்டில் சேர்ப்பது அந்நாளிற் புதுமை. லபோ ஒவ்வொருவரிடமும் அனுமதி பெற்று, 1957 ஆம் ஆண்டில் தாம் நிறுவிய 'ஒரிஜினல் சவுண்ட்' கம்பனியின் வாயிலாக அதனை வெளியிட்டார். ஒரு பக்கம் கனவில் மிதக்கும் மெல்லிசை, மறுபக்கம் துள்ளலிசை. பில்போர்ட் சஞ்சிகையின் விற்பனை வரிசையில் அது 183 வாரங்கள் நிலைத்திருந்தது. பதினைந்து தொகுதிகள் வரை இவ்வரிசை வளர்ந்தது. தொகுப்பில் இடம்பெற்றதன் பயனாக 'இன் த ஸ்டில் ஒப் த நைட்' 1960 ஆம் ஆண்டிலும் 1961 ஆம் ஆண்டிலும் விற்பனை வரிசையில் மீண்டும் ஏறியது. வழக்கிறந்த பாட்டு உயிர்பெற்று எழுந்தது என்பது மிகையாகாது.

இதன் கவர்ச்சி நிலைத்தமைக்குக் காரணம் யாது? இவற்றினும் நுட்பமான இசை உலகில் எத்தனையோ உண்டு. ஆயினும் இத்தொகுப்பின் பாடல்களைத் தெரிந்தவர்கள் விமர்சகரும் அல்லர், வணிகரும் அல்லர், கேட்டவர்களே தெரிந்தனர். ஒவ்வொரு தெரிவுக்குப் பின்னாலும் ஒரு பெயர், ஒரு பிரிவு, ஒரு மாலைப்பொழுது இருந்தது. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தில் தம் பெயரையும் ஊரையும் அறிவிப்பாளர் வாசிப்பாரா என்று காத்திருந்த தலைமுறையினர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பாட்டு பிறருடையது, நினைவு நம்முடையது.

ஒரு குறையையும் மறைக்காது சொல்லுதல் வரலாற்று மாணவனின் கடமை. பாடல்கள் காக்கப்பட்ட அளவுக்குப் பாடியவர்கள் காக்கப்படவில்லை. அக்காலத்து இளம் பாடகர் பலர்க்குத் தம் தட்டுகளின் விற்பனையிலிருந்து சிறு தொகையே கிடைத்தது. 'ஏர்த் ஏஞ்சல்' பாடலை ஆக்கியவர் யார் என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. பின்னாளில் அப்பாடலை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிற் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. பெருமை தாமதித்து வந்தது. கூலியோ பலர்க்கு வரவேயில்லை.

நான் ஒரு பாடசாலை அதிபர். எங்கள் அலுவலகத்தில் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. கல்வி அதிகாரி வந்த நாள், கட்டடம் திறந்த நாள், வெள்ளத்தால் பாடசாலை மூடிய நாள் ஆகிய யாவும் அதிலுள்ளன. ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் மரநிழலிற் கூடி எந்தப் பாட்டைப் பாடினர் என்பது அதில் எங்கும் இல்லை. அதனை எழுதவேண்டும் என்று எனக்கு முன்னிருந்தோர்க்கும் தோன்றவில்லை. நெடுங்காலம் எனக்கும் தோன்றவில்லை. இந்த இசைத்தட்டின் கதையை அறிந்த பின்னரே, நாம் பாதுகாத்த வரலாறு பாதி என்பதை உணர்ந்தேன். லபோ செய்தது இதுவே: பெரியோர் அற்பம் எனத் தள்ளியதை, அது முற்றாக அழியுமுன் திரட்டினார்.

2022 ஆம் ஆண்டு ஜனவரியில் பிரெட் பாரிஸ் காலமானார். அதே ஆண்டு ஒக்டோபரில், தமது 97 ஆவது வயதில், லபோவும் மறைந்தார். இறுதிவரை அவர் ஒலிபரப்பை விடவில்லை. சிறையிலிருப்போர்க்கு அவர்தம் மனைவியரும் மக்களும் பாடல்களைச் சமர்ப்பிக்கும் நிகழ்ச்சியாக அது விளங்கியது. மதிலுக்கு வெளியிலிருந்து ஒரு குழந்தையின் குரல் தந்தையின் பெயரைச் சொல்லும். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கொட்டகையிற் பதிவான பாட்டு ஒலிக்கும்.

நேயர்களே, உங்கள் வீட்டு முதியவர் தம் இளமையில் விரும்பிக் கேட்ட பாட்டு எது என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை ஒரு தாளிற் குறித்துவையுங்கள். தேதியிட மறவாதீர்கள்.