எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது?

ஒரு சர்வரில் எந்தெந்த போர்ட்டுகள் இணைப்புக்காகக் காத்திருக்கின்றன என்பதை அறிய, தொடக்கத்தில் அந்தக் கணினியைத் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு பட்டியலைப் பார்த்தால் போதும். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் எண் தேவைப்பட்டது. அவரவர் விருப்பப்படி எண் வைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். 1972 மே மாதத்தில் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 349 என்ற குறிப்பில், எண்களை வழங்க ஒரு ‘ஜார்’ வேண்டும் என்று எழுதி, அந்த இடத்தில் தாமே இருக்கலாமோ என்றும் பாதி விளையாட்டாகக் கேட்டுவைத்தார். 1998இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்தின் தடம் இன்றும் எண்களில் இருக்கிறது. ஆர்ப்பாநெட்டின் பழைய நெறிமுறையான என்சிபியில் ஓர் இணைப்பு ஒரே திசையில்தான் செல்லும். அனுப்ப ஒன்று, பெற ஒன்று என இரண்டு எண்கள் வேண்டும். அனுப்புவது ஒற்றைப்படை, பெறுவது இரட்டைப்படை. எஃப்டிபி 21, டெல்நெட் 23, எஸ்எம்டிபி 25, ஃபிங்கர் 79 என்று பழைய சேவைகள் ஒற்றைப்படையிலேயே அமைந்ததற்குக் காரணம் இதுதான். 1983 ஜனவரி 1 அன்று வலைப்பின்னல் டிசிபி/ஐபிக்கு மாறியது. இரு திசைக்கும் ஒரே இணைப்பு போதும் என்றானதும், இடையிலிருந்த இரட்டைப்படை எண்கள் பலவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. 1995 ஜூலையில் ஃபின்லாந்தின் டாட்டு யுலோனென் தம்முடைய எஸ்எஸ்எச் நிரலுக்கு 22ஆம் எண்ணைக் கேட்டபோது அது காலியாகத்தான் கிடந்தது. மறுநாளே அவருக்குக் கிடைத்தது.

1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2பிஎஸ்டி யூனிக்ஸ், ஒரு நிரல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதற்கான சாக்கெட் முறையைக் கொண்டுவந்தது. நெட்ஸ்டாட் கட்டளையும் அதோடுதான் வந்தது. கெர்னல் தன்னிடம் வைத்திருக்கும் இணைப்புகளை அது வரிசையாகக் காட்டும். காத்திருக்கும் போர்ட்டுக்கு நேரே ‘லிசன்’ என்றிருக்கும். ஆனால் எண்ணுக்குப் பதிலாக அது காட்டும் சேவைப் பெயர், சர்வீசஸ் என்ற கோப்பிலிருந்து எடுத்தது. போஸ்டலின் பட்டியல்தான் அந்தக் கோப்பின் மூலம். 25இல் எது ஓடினாலும் திரையில் எஸ்எம்டிபி என்றே தெரியும். அனுபவமுள்ள நிர்வாகிகள் ‘என்’ விருப்பத்தைச் சேர்த்து, பெயர் தேடாமல் வெறும் எண்ணை மட்டும் பார்க்கப் பழகியதற்கு வேகம் மட்டுமே காரணமில்லை.

எந்த நிரல் ஒரு போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்பதை அன்றைய நெட்ஸ்டாட் சொல்லாது. பின்னர் 4.3பிஎஸ்டியில் வந்த இனெட்டி, பல சேவைகளின் போர்ட்டுகளில் தான் ஒருவனே காத்திருந்து, அழைப்பு வந்த பிறகே உரிய நிரலை எழுப்பியதால் சிக்கல் இன்னும் கூடியது. பர்டூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபெல் எழுதிய எல்எஸ்ஓஎஃப் இந்தக் குறையைத் தீர்த்தது. யூனிக்ஸில் சாக்கெட்டும் திறந்த கோப்பைப் போலவே கையாளப்படுவதால், திறந்திருக்கும் கோப்புகளை அவற்றின் உரிமையாளரோடு காட்டும் கருவி போர்ட்டுகளையும் காட்டிவிட்டது.

திறந்த போர்ட் ஆபத்தாகவும் மாறலாம் என்பதை 1988 நவம்பர் 2 அன்று வலைப்பின்னலில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் காட்டியது. ஃபிங்கர் சேவையிலிருந்த நிரல்பிழையும், சென்ட்மெயில் அஞ்சல் நிரலில் அணைக்காமல் விட்ட பிழைதிருத்த வசதியும் அதற்கு வழிவிட்டன. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். தேவையற்ற சேவைகளை இனெட்டியின் அமைப்புக் கோப்பில் ஹாஷ் குறியிட்டு முடக்குவதும், பிறகு நெட்ஸ்டாட்டில் சரிபார்ப்பதும் 1990களில் நிர்வாகிகளின் வாடிக்கையானது.

அந்தச் சரிபார்ப்பையும் முழுமையாக நம்ப முடியவில்லை. கணினிக்குள் புகுந்தவர்கள் ரூட்கிட் என்ற தொகுப்பைக் கொண்டு, தங்கள் போர்ட்டை மறைத்துக் காட்டும் போலி நெட்ஸ்டாட்டை நிறுவிவிட்டுப் போனார்கள். ஆகவே வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் கருவிகள் தேவைப்பட்டன. 1995 ஏப்ரலில் டான் ஃபார்மரும் வீட்ஸ வெனமாவும் சாத்தான் என்ற சோதனைக் கருவியை வெளியிட்டார்கள். திருடனுக்கும் இது உதவுமே என்று எழுந்த கூச்சல் பெரிது. கருவியைவிட அதன் பெயர்தான் கூடுதலாக மிரட்டியது போலிருக்கிறது. 1997 செப்டம்பரில் ஃப்ராக் மின்னிதழில் கார்டன் லயன் வெளியிட்ட என்மேப், அந்த வேலைக்கு நிலையான கருவியாக நின்றுவிட்டது. நெட்ஸ்டாட் ஒரு போர்ட்டைக் காட்டி என்மேப் காட்டாவிட்டால் பெரும்பாலும் இடையில் ஃபயர்வால் இருக்கும். என்மேப் காட்டுவதை நெட்ஸ்டாட் மறைத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

லினக்ஸில் நெட்ஸ்டாட், கெர்னல் தரும் ப்ராக் கோப்புகளை வரி வரியாகப் படிக்கும். பல்லாயிரம் இணைப்புகள் இருந்தால் திணறும். அலெக்ஸி குஸ்நெட்சோவ் உருவாக்கிய ஐபிரூட்2 தொகுப்பின் எஸ்எஸ் கட்டளை, நெட்லிங்க் வழியாகக் கெர்னலிடமே நேராகக் கேட்கிறது. 2017இல் வந்த டெபியன் 9 நெட்ஸ்டாட்டைத் தானாக நிறுவுவதை நிறுத்திக்கொண்டது. பழக்கத்தில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் குறையவில்லை.

அதே ஆண்டில், இந்தக் கட்டளைகள் காட்டும் வரிகளில் போர்ட் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் முகவரியும் செய்தியானது. 127.0.0.1 என்றிருந்தால் அந்தக் கணினிக்குள் மட்டும், 0.0.0.0 என்றிருந்தால் எல்லா முகவரிகளிலும் திறப்பு. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இல்லாமல் 27017இல் உலகுக்கே திறந்துகிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டன பல கும்பல்கள். ஆண்டு முடிவில் வந்த 3.6 பதிப்பு, மாற்றச் சொன்னாலன்றி உள்முகவரியில் மட்டுமே காத்திருக்கும்படி அமைக்கப்பட்டது.

கன்டெய்னர்கள் வந்தபின் ஒரே சர்வரில் தனித்தனி வலைப்பின்னல் வெளிகள் உருவாகிவிட்டன. ஒரு கன்டெய்னருக்குள் காத்திருக்கும் போர்ட் வெளியில் ஓட்டும் எஸ்எஸ்ஸுக்குத் தெரியாது. உரிய வெளிக்குள் நுழைந்து அங்கே கட்டளையை ஓட்ட வேண்டும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோ பழைய இனெட்டியைப் போல, சேவைகளுக்காகத் தானே போர்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் வசதியைத் திரும்பக் கொண்டுவந்தது. அத்தகைய போர்ட்டுக்கு நேரே, சேவை எழும்வரை எஸ்எஸ் காட்டுவது சிஸ்டம்டியின் பெயரைத்தான். பின்னாலுள்ள சேவை எது என்பதை சிஸ்டம்டியின் சொந்தச் சாக்கெட் பட்டியலில்தான் தேட வேண்டும்.