கடற்கோள் தந்த கணினி நிரல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த பூகம்பம் எழுப்பிய பேரலை, காலைப் பொழுதில் இலங்கையின் கிழக்குக் கரையில் மோதிற்று. அன்று மாண்டோர் 30,000 பேருக்கும் அதிகம். அவர்களுள் அம்பாறை மாவட்டத்தினரே மிகப் பலர்.

அலை வற்றியபின் எழுந்த துயரம் வேறொரு வகையினது. பள்ளிக்கூடங்களும் கோயில்களும் முகாம்களாயின. ஒரு முகாமில் தாய்; பத்துக் கல் தொலைவிலுள்ள மற்றொன்றிற் பிள்ளை; இருவர் பெயரும் வெவ்வேறு கொப்பிகளில். ஓரிடத்தில் உடுபுடவை மலையாய்க் குவிய, வேறோரிடத்திற் குடிநீர் இல்லை. உதவ வந்த ஸ்தாபனங்களும் பல. ஒன்று செய்வதை மற்றொன்று அறியாது. இவையனைத்தையும் ஒரே பதிவேட்டிற் கொணரும் நோக்குடன், இந்நாட்டுக் கணினி வல்லுநர் பலர் ஊதியம் கருதாது இரவு பகலாக ஒரு நிரலை எழுதினர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அம்முயற்சியை ஒருங்கிணைத்தது. 'சஹானா' என்று அதற்குப் பெயரிட்டனர். இசை வல்லோர் இதனை இராகத்தின் பெயரென மயங்குதல் கூடும். நிவாரணம் என்னும் பொருளுடைய சிங்களச் சொல் அது. காணாமற்போனோர், முகாம்கள், தொண்டு நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் என அதன் பதிவேடுகள் வகுக்கப்பட்டன.

நிரலைப் பூட்டி வைத்து விலை கூற அவர்கள் எண்ணவில்லை. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வழியிலேயே அதனை வெளியிட்டனர். எவரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் பிழை கண்டவிடத்துத் திருத்தி அடுத்தவனுக்கு அளித்த வழக்கை ஒத்தது இது. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. திறந்து வைக்கப்பட்டது நிரலேயன்றிப் பதிவேடன்று. பெற்றோரை இழந்த குழந்தை எந்த முகாமில் இருக்கின்றது என்னும் செய்தி கயவர் கைக்கு எட்டுமாயின் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரத்தில் எழுந்த நிரலாதலின் அதிற் குறைகள் இருந்தன. சுவீடன் அரசின் உதவி நிதியைக் கொண்டு 2005இல் அது செப்பனிடப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பாக்கிஸ்தானிற் பூகம்பம் நிகழ்ந்தபோது, அந்நாட்டார் உரிமத்துக்குப் பணம் செலுத்தாமலே அதனைப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டில், பிலிப்பைன்ஸில் மண்சரிவு ஓர் ஊரையே மூடியபோதும், யோக்யகார்த்தாவில் நிலம் அதிர்ந்தபோதும் அது அங்கெல்லாம் சென்றது. செல்வ நாடுகளில் ஆக்கப்பட்ட பொறிகளும் நிரல்களும் வறிய நாடுகளுக்கு உதவியாக வந்து சேர்தலே வழமை. இங்கோ துயருற்ற நாடே பிற நாடுகளுக்கு வழங்கிற்று. கட்டற்ற மென்பொருள் நிறுவனம் சமூகப் பயனுக்கென அளிக்கும் விருது, 2006ஆம் ஆண்டுக்குச் சஹானாவுக்குக் கிடைத்தது.

2009இல் அதன் பொறுப்பை அமெரிக்காவிற் பதிவுசெய்யப்பட்ட இலாபநோக்கற்ற நிறுவனமொன்று ஏற்றது. 2010 ஜனவரியில் ஹெயிட்டியிற் பூகம்பம் நேர்ந்தபோது, மருத்துவமனைகள் எங்கெங்கே உள்ளன என்பதைத் தேடித் தொகுக்கும் பணிக்கு அது பயன்பட்டது. பின்னர் வேறொரு நிரல்மொழியில் முற்றும் புதிதாக எழுதப்பட்டமையால், கடற்கோளின் பின் அவசரமாக எழுதிய வரிகள் அதிற் பெரும்பாலும் மறைந்துவிட்டன. சிங்களப் பெயர் மாத்திரம் மாறவில்லை.