வயிற்றால் இறங்கிய விமானங்கள்



மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போகும்போது, தாழப் பறக்கும் விமானத்தின் அடியிலிருந்து சக்கரங்கள் இறங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தச் சக்கரம் இறங்காமல் போனால்? விமானி உயிர் பிழைத்துவிட்டார் என்று செய்தியில் படித்ததும் நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். தரையில் கிடக்கும் விமானத்தின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதுவும் உதிரி பாகம் எங்கேயும் கிடைக்காத பழைய போர் விமானமாக இருந்தால், அந்தக் கதை பல வருடங்கள் நீளும்.

2017 மே 27. இங்கிலாந்தின் யோவில்டன் கடற்படை விமானத் தளம். டக்ஸ்ஃபோர்டில் சாகசக் காட்சி முடித்துத் திரும்பிய ‘சீ விக்சன்’ ஜெட் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு செயலிழந்தது. 1960களில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த வகை அது. அப்போது உலகத்திலேயே பறக்கும் நிலையில் அந்த ஒன்றுதான் மிச்சமிருந்தது. சக்கரங்கள் கீழே வரவில்லை. விமானி சைமன் ஹார்கிரீவ்ஸ் அதை ஓடுபாதையில் வயிற்றாலேயே இறக்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானம் அதன்பின் வானில் ஏறவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அடியில் சிராய்ப்பு மட்டும்தானே, தகட்டை மாற்றிவிட்டுப் பறக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த அதிர்ச்சி உடற்சட்டம், என்ஜின், கியர் பெட்டி வரை போயிருக்கும் என்பதுதான் சிக்கல். விசிறி வைத்த பழைய விமானமென்றால் இன்னும் மோசம். சுழலும் விசிறி தரையில் அடித்து வளைந்து நின்றதும், அந்த அடி நேராக என்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்குப் போகிறது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் என்ஜினை முழுவதும் பிரித்துப் பார்க்காமல் யாரும் மறுபடி ஓட்டத் துணிய மாட்டார்கள்.

எப்படித் தூக்குகிறார்கள்?

நம் கார் பார்க்கிங்கில் பஞ்சரான காருக்கு ஜாக்கி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். தப்பான இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். விமானத்திலும் அப்படியே. முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டிப்பார்கள், எரிபொருளை வடிப்பார்கள். பிறகு இறக்கைகளுக்கு அடியில் காற்றுப் பைகளை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊத வைப்பார்கள். ஜாக்கி வைக்கும் அளவுக்கு உயரம் கிடைத்ததும், அதற்கென்றே பலப்படுத்திய இடங்களில் ஜாக்கி நிற்கும். சக்கரத்தைக் கையால் இழுத்து இறக்க முடிந்தால் இறக்கி, மறுபடி மடங்காதபடி ஊசி செருகிப் பூட்டுவார்கள். முடியாவிட்டால் அகலப் பட்டைகள் மாட்டிக் கிரேனால் தூக்கி லாரியில் வைக்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் செய்யக்கூடாது: கயிற்றைக் கட்டித் தரதரவென்று இழுக்கக்கூடாது. விபத்தில் தப்பிய பாகங்கள் இந்த அவசரத்தில் போய்விடும்.

இதெல்லாம் ஓடுபாதையில் நடந்தால். பக்கத்தில் சாலையே இல்லாத பனிப்பாலைவனத்தில் நடந்தால்?

கிரீன்லாந்து, 1942

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா தன் விமானங்களை கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாகத் தாவித் தாவி பிரிட்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1942 ஜூலை 15 அன்று ஆறு பி-38 போர் விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் ஐஸ்லாந்தை நோக்கிக் கிளம்பின. வழியில் வானிலை கெட்டது. திரும்பின. எரிபொருள் தீரப்போகிறது, கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிரீன்லாந்தின் பனித்தளம்.

முதலில் இறங்கியவர் பிராட் மக்மானஸ் என்ற இளம் விமானி. மேலிருந்து பார்க்க அந்தப் பனி சிமெண்ட் தரைபோல் கெட்டியாகத் தெரிந்தது. முறைப்படி சக்கரங்களை இறக்கியே வந்தார். மேற்பரப்பின் மெல்லிய ஓடு உடைந்து மூக்குச் சக்கரம் புதைய, விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. பெரிய காயமில்லாமல் அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். வானிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் சக்கரங்களை மடக்கியபடியே வைத்து, ஒவ்வொருவராக வயிற்றால் சறுக்கி இறங்கினார்கள். சக்கரம் இல்லாமல் இறங்குவதே பாதுகாப்பு என்ற நிலை அங்கே வந்தது. அத்தனை பேரும், மொத்தம் 25 பேர், உயிரோடு மீட்கப்பட்டார்கள். எட்டு விமானங்களும் அங்கேயே விடப்பட்டன.

வருடா வருடம் பனி பெய்தது. மேலே விழும் பனியின் எடையில் கீழே உள்ள பனி இறுகிக் கட்டியாகிறது. விமானங்கள் ஆழத்துக்குப் போயின. அந்தப் பனிப்பாறையும் மெல்ல நகரும் என்பதால், விட்ட இடத்தில் தேடினாலும் கிடைக்காது. 1980களில் அட்லாண்டா நகரைச் சேர்ந்த பேட் எப்ஸ், ரிச்சர்ட் டெய்லர் என்ற இரு நண்பர்கள் தேடக் கிளம்பியபோது, பனியை லேசாகத் துடைத்தால் வால் தெரியும் என்றே நம்பினார்கள். 1988இல் ரேடார் மூலம் இடம் தெரிந்தபோதுதான் ஆழமும் தெரிந்தது: 268 அடி. ஒரு மாடிக்குப் பத்தடி என்று கணக்குப் போட்டால் 26 மாடிக் கட்டடம் முழுசாகப் பனிக்குள்!

1990இல் முதலில் ஒரு பி-17ஐத் தொட்டார்கள். அது பனியின் எடையில் நசுங்கிப் போயிருந்தது. எட்டு வருட உழைப்புக்கு மேல் செலவழித்தவர்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆனாலும் அளவில் சிறிய, கட்டுமானத்தில் உறுதியான பி-38 தாங்கியிருக்கும் என்ற நம்பிக்கை மிச்சமிருந்தது. கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ ஊரைச் சேர்ந்த தொழிலதிபர் ராய் ஷாஃப்னர் பணம் போட்டார். 1992 கோடையில் மறுபடி போனார்கள்.

செம்புக் குழாய் சுற்றிய ஒரு கூம்பு. குழாய்க்குள் சுடுநீர் ஓடும். சங்கிலியில் தொங்கவிட்டால் அது பனியை உருக்கிக்கொண்டே கீழே போகும். இப்படி நாலடி அகலக் கிணறு ஒன்றை இறக்கினார்கள். அடியில் போனவர்கள் சூடான நீரைப் பீய்ச்சி விமானத்தைச் சுற்றி ஒரு குகையையே குடைந்தார்கள். அந்தக் குளிரில், ஈரத்தில் நின்று, விமானத்தைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். சிறு பாகங்கள் முதலில் மேலே வந்தன. கடைசியாகச் சுமார் 3 டன் எடையுள்ள நடுப்பகுதி. அதற்காகக் கிணற்றையே அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 1992இல் அது வெளிச்சத்தைப் பார்த்தது, சரியாக ஐம்பது வருடம் கழித்து.

மிடில்ஸ்பரோவில் பத்து வருடம் வேலை நடந்தது. நசுங்கிய பாகங்களைப் பழைய பாகத்தையே அளவாக வைத்துப் புதிதாகச் செய்தார்கள். 2002 அக்டோபர் 26 அன்று, ஸ்டீவ் ஹிண்டன் ஓட்ட, ‘கிளேசியர் கேர்ள்’ என்று பெயர் சூட்டப்பட்ட அந்த விமானம் பறந்தது. பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். 1942இல் மடக்கிய சக்கரங்கள் அன்று முறையாக விரிந்து தரையைத் தொட்டன.

இன்னொரு விமானம், இன்னொரு முடிவு

அதே கிரீன்லாந்தின் வடமேற்கில் 1947 பிப்ரவரி 21 அன்று, வழிதவறி எரிபொருள் தீர்ந்த ‘கீ பேர்ட்’ என்ற பி-29 குண்டுவீச்சு விமானம் உறைந்த ஏரியொன்றில் வயிற்றால் இறங்கியது. உள்ளே இருந்த 11 பேரும் மூன்றே நாளில் மீட்கப்பட்டார்கள். இந்த விமானம் பனிக்குள் புதையவில்லை. மேலேயே, ஏறக்குறைய முழுசாக, கிடந்தது. பி-38ஐ விட நூறு மடங்கு சுலபம் என்றுதானே நினைப்பீர்கள்?

1994இல் டேரில் கிரீனமையர் என்ற முன்னாள் சோதனை விமானி ஒரு குழுவோடு போனார். அங்கேயே சரிசெய்து, அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு வருவது என்று திட்டம். விமானத்தைத் தூக்கிச் சக்கரங்களை இறக்கினார்கள். புது டயர், நான்கு என்ஜின், விசிறிகள் என்று எல்லாம் மாட்டினார்கள். இடையில் தலைமை மெக்கானிக் ரிக் கிரீகி நோய்வாய்ப்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு காலமானார். குளிர்காலம் வந்துவிட்டது. 1995 மே மாதம் திரும்பினார்கள். பனியைத் தள்ளி ஓடுபாதை செய்தார்கள். மே 21 அன்று என்ஜின்கள் முழங்க விமானம் நகரத் தொடங்கியது. வால் பகுதியில் மின்சாரத்துக்காக ஓடிய துணை என்ஜினிலிருந்து எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள். 48 வருடம் பனியும் காற்றும் தொடாமல் வைத்திருந்த விமானம் அவர்கள் கண்ணெதிரிலேயே எரிந்து போனது.

கீ பேர்ட் குழுவைக் குறை சொல்வது சுலபம். அந்தக் குளிரில் கையால் போல்ட் முடுக்கியவர்களின் உழைப்பு குறைந்ததல்ல. ஆனால் ஒரு குழு விமானத்தைப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்து வருடம் எடுத்துக்கொண்டது; மற்றது ஒரு கோடையிலும் ஒரு வசந்தத்திலும் பறக்க வைத்துவிட நினைத்தது. யோவில்டனில் வயிற்றால் இறங்கிய சீ விக்சனை இந்த இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, ‘இன்னும் ஏன் பறக்கவில்லை’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆழத்தில் மிச்சமிருப்பவற்றைத் தேடுவதும் நிற்கவில்லை. 2018இல் அதே அணியின் இன்னொரு பி-38ஐ, 300 அடிக்கும் கீழே, ரேடார் மூலம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் குடியிருப்பில் விமானப் படையிலோ விமானப் பராமரிப்பிலோ பணியாற்றிய பெரியவர்கள் இருந்தால், சக்கரம் இறங்காத நாள் ஏதேனும் அவர்கள் நினைவில் இருக்கும். அடுத்த இதழுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத நேரமில்லை என்றால் சொல்லட்டும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.