சாரலைத் தேடி வந்த கிராம்பு

குற்றாலம் போனால் என்ன செய்வீர்கள்? எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பீர்கள். பசித்தால் செங்கோட்டைப் பக்கம் புரோட்டா தேடுவீர்கள். திரும்பும்போது ரோட்டோரக் கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவீர்கள். அந்தப் பழமெல்லாம் நம்மூர்க்காரங்க இல்லை, மலாய் தேசத்து விருந்தாளிகள். அதே மாதிரி கடல் தாண்டி இங்கே வந்து இறங்கிய இன்னொரு ஆசாமிதான் கிராம்பு!

பிரியாணியில் கடிபட்டால் முகம் சுளித்து ஓரங்கட்டுவோமே, அதேதான். ஆனால், அந்த வாசனைக்காகத் தலைகள் உருண்ட காலம் ஒன்று இருந்தது. இன்றைய இந்தோனேஷியாவின் மொலுக்கஸ் தீவுகள்தான் அதன் சொந்த ஊர். 1621-ல் பக்கத்து பாண்டா தீவுகளில் ஜாதிக்காய்க்காக அந்த ஜனங்களையே கிட்டத்தட்டத் துடைத்தெறிந்தார்கள் டச்சுக்காரர்கள். கிராம்பை அம்போன் வட்டாரத்தில் மட்டும் விட்டுவைத்து, மற்ற தீவுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சரக்கு குறைந்தால் விலை ஏறும். பி.காம். முதல் வருஷப் பாடம்!

1796-ல் அந்தத் தீவுகள் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. கம்பெனி உடனே கிறிஸ்டோபர் ஸ்மித் என்கிற தோட்டக்கலை நிபுணரை அனுப்பிக் கன்றுகளைச் சேகரிக்கச் சொன்னது. நல்லவேளை, சோம்பேறித்தனம் பண்ணவில்லை. 1802 ஒப்பந்தப்படி தீவுகளைத் திருப்பித் தர வேண்டியதாகிவிட்டது. இந்தப் பரபரப்பான காலத்தில், 1800-ஐ ஒட்டித்தான் குற்றாலத்தில் கம்பெனியின் வாசனைத் திரவியத் தோட்டம் வேர் பிடித்தது. இந்தியாவில் கிராம்பு முதன்முதலில் வளர்ந்தது அங்கேதான்.

ஏன் குற்றாலம்? கிராம்பு விதை காய்ந்தால் செத்துவிடும். நெல் மாதிரி மூட்டை கட்ட முடியாது. உயிருள்ள கன்றாகவே கப்பலில் ஏற்ற வேண்டும். உப்புக் காற்று பட்டால் அதுவும் கருகும். செடி கொண்டுபோகும் கண்ணாடிப் பெட்டியெல்லாம் 1830-களில் வந்த சமாச்சாரம். அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததைத் திருநெல்வேலிக் கரிசலிலா நடுவார்கள்?

ஆரியங்காவு கணவாய் வழியாக ஜூன் மாதம் கேரளத்து மழை கொஞ்சம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. அதுதான் சாரல். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தனி. ஈரம், இதமான சூடு, தண்ணீர் தேங்காத மலைச்சரிவு... தீவில் பிறந்த மரத்துக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டும். கொஞ்சம் வறட்சி! இடையில் ஒரு காய்ச்சல் பருவம் கிடைத்தால்தான் கிராம்பு மரம் ஒழுங்காக மொட்டு வைக்கும். மழை விடாமல் பெய்தால் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும். மரத்துக்கு நாள்காட்டி தெரியாது. ஈரத்தையும் காய்ச்சலையும் வைத்துத்தான் அது மாசக் கணக்குப் பார்க்கிறது.

முதல் மொட்டைப் பார்க்க ஏழெட்டு வருஷமாகும். அதுவரை போட்ட முதலுக்கு வட்டி? கூட வந்த ஜாதிக்காய் இன்னும் மோசம். விதையில் வளர்த்தால் ஆண் மரமா, பெண் மரமா என்பதே பூக்கும்போதுதான் தெரியும். ஆண் மரம் காய்க்காது. ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் விறகு! இப்போது ஒட்டுக்கன்று வந்து அந்தச் சூதாட்டத்தை முடித்துவைத்தது.

எல்லா விருந்தாளியும் இப்படி ஒத்துப்போகவில்லை. 1830-களில் குற்றாலத்தில் செடி சேகரித்த ராபர்ட் வைட், பிற்பாடு கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். கம்பெனி எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவே இல்லை.

கிராம்பு பரவியது. 1850-க்குப் பிறகு நாகர்கோவில் பக்க மலைகளுக்குப் போய், அங்கே பிறந்த ஊரை மறக்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. 2021-ல் ‘கன்னியாகுமரி கிராம்பு’ புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. கோடை மழை ஒன்றும் புதிதில்லைதான். ஆனால், காய வேண்டிய மாசத்தில் இப்படிக் கொட்டினால் தோட்டக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். நெல் போட்டவர் அடுத்த பட்டத்தில் வேறு ரகம் போடலாம். கிராம்பு வைத்தவர் வேறு கன்று நட்டால், மறுபடி ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை நம் அஞ்சறைப்பெட்டி? கவலையில்லை, இன்றும் அதில் இருக்கிற கிராம்பில் பெரும்பகுதி கப்பலில் வந்ததுதான்.